விரல் பட்ட இடங்கள்

ஜனவரி 9

தம்பிக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. ஒரு கேள்வி கேட்க எழுதுகிறேன். நேரான பதில் வந்தால் போதும்.

ஒலிக்கலவை அறையின் இரண்டாவது சாவி இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. அண்மையில் நீ இந்த ஊருக்கு வந்தாயா? வந்து, நான் இல்லாத நேரத்தில் அறைக்குள் போனாயா?

இப்போது கையில் இருக்கும் படம் ஒரு தனி வீட்டில் வாழும் பெண்ணைப் பற்றியது. பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல் அவளிடம் கிசுகிசுத்துக்கொண்டே இருக்கிறது. "நான் இங்கதான் இருக்கேன்." அவ்வளவுதான் அது சொல்வது. படம் முழுக்க அந்தக் குரல் இடப்பக்க ஒலிபெருக்கியிலிருந்து மட்டுமே வர வேண்டும் என்று இயக்குநருக்குப் பிடிவாதம். கோடையிலும் கழுத்தில் மப்ளர் சுற்றி வருபவர். நாம் அவருக்கு வைத்த பெயர் உனக்கு மறந்திருக்காது.

அந்தக் கிசுகிசுப்பின் அளவை ஒலிக்கலவை மேசையின் ஃபேடர் கட்டையில் விரல் வைத்து ஏற்றி இறக்கி, ஒவ்வோர் அசைவையும் மென்பொருளில் பதிந்து வைத்திருந்தேன். கேட்டும் கேட்காததுமாக, காதோரம் மூச்சு படுவது போல. மப்ளர் வந்து உட்கார்ந்தார். ஒரு ரீல் ஓடி முடிவதற்குள் கையைத் தூக்கிவிட்டார்.

"என்னங்க இது? காதுல கிசுகிசுக்கணும்னு சொன்னேன். இது மைக் புடிச்சுக் கூப்பிடுதே!"

திரையைப் பார்த்தேன். அளவைக் காட்டும் கோடு நான் விட்ட இடத்தில் இல்லை. மேசையில் ஃபேடர் யார் கையும் படாமல், மோட்டாரின் சின்ன முனகலோடு, மேலே போய்க்கொண்டிருந்தது. பதிந்ததைத் தானாகத் திரும்பச் செய்வது அதன் வேலை. வருடக்கணக்கில் பார்த்த காட்சிதான். ஆனால் அன்று அது செய்து காட்டியது என் கை செய்ததை அல்ல. வேறு யாரோ செய்ததை.

கேட்கும்போது எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் கோடு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

நான் இயற்பியல் படித்தவள். பூட்டிய அறைக்குள் யாரோ வந்து போனார்கள் என்றால் அவர்களிடம் சாவி இருந்திருக்க வேண்டும். சாவி இருப்பது இரண்டு பேரிடம்.

தொலைபேசியில் அழைக்காதே. இப்போதெல்லாம் போனில் குரல்கள் நசுங்கிக் கேட்கின்றன, எனக்குப் பொறுமை இல்லை. எழுது.

இப்படிக்கு,
ஒலிக்கலவைப் பொறுப்பாளர்


ஜனவரி 14

மாண்புமிகு ஒலிக்கலவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

ஒரு வருடமாக ஒரு வரி இல்லை. வந்த முதல் கடிதமே போலீஸ் விசாரணை. ரொம்ப நன்றாக இருக்கிறது அக்கா.

நான் வரவில்லை. ரயிலேறி வந்து, பூட்டைத் திறந்து, உன் படத்துப் பேயின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, மறுபடி ரயிலேறிப் போகிற அளவுக்கு எனக்குக் கொழுப்பும் இல்லை, விடுமுறையும் இல்லை. இங்கே டிவி நிலையத்தில் காலையில் ஒரு தொடர், மாலையில் ஒரு தொடர். இரண்டிலும் அதே மாமியார்தான் அழுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

சாவியை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள். இனி சாவி இருப்பது ஒரே ஆளிடம்.

டீச்சர் பள்ளியிலிருந்து வந்ததும் உன் கடிதத்தைக் காட்டினேன். (என் கல்யாணத்தன்று நீ அவளை அப்படிக் கூப்பிட்டதிலிருந்து வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.) அவள் கேட்டாள், "அதென்னங்க, தானா ஏறுது தானா இறங்குதுன்னு எழுதியிருக்காங்க? எனக்குப் படிக்கவே ஒரு மாதிரி இருக்கு."

"அதுல நாலு விதம் இருக்கு. ரீட்ல வெச்சா, முன்னாடி பதிஞ்சதை வாசிச்சுக் காட்டும், புதுசா எதுவும் எழுதாது. ரைட்ல வெச்சா, ஓடவிட்ட நிமிஷத்துலேருந்து பழசையெல்லாம் அழிச்சு எழுதிக்கிட்டே போகும், நீ கை வெச்சாலும் சரி, வெக்காட்டியும் சரி. டச்னா, விரல் படற வரைக்கும்தான் எழுதும். விரலை எடுத்தா பழைய இடத்துக்கே போயிடும். லாட்ச்னா, விரலை எடுத்தாலும் கடைசியா விட்ட இடத்துலயே நிக்கும். நாம நிறுத்தினாத்தான் உண்டு."

"அப்ப நீங்க லாட்ச்," என்றாள் உடனே. "கோபம் ஏறிடுச்சுன்னா யாராவது வந்து நிறுத்தற வரைக்கும் இறங்கறதில்ல. உங்க அக்கா?"

"அவ ரைட். அவ ஒரு தடவை வந்து போனா, நாம எழுதினது ஒண்ணும் மிஞ்சாது."

டீச்சர் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே தோன்றியது. அந்தக் கிசுகிசுப்பின் ட்ராக் எந்த முறையில் இருக்கிறது என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார். லாட்ச்சில் இருந்தால் உன் பேய் பிடிபட்டது. ஒரு வார்த்தைக்காக ஏற்றினாய், விரலை எடுத்தாய், அது இறங்காமல் அடுத்த காட்சி முழுக்க அங்கேயே நின்றிருக்கும்.

நான் வேலையை விட்டுக் கிளம்பிய அன்று வாசலில் நின்று நீ சொன்னாய்: "போடா போ, டிவிக்கே போ. உனக்குக் காதே இல்லடா." அதிலிருந்து எனக்கு அதுதான் பெயர்.

இப்படிக்கு,
காதில்லாதவன்


ஜனவரி 20

தம்பிக்கு,

சாவி வந்தது. திருப்பி அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை.

நீ சொன்னது சரி, லாட்ச்தான். நான் எப்போதும் டச்சில்தான் வேலை செய்வேன். ஆகவே அதைச் சரிபார்க்கக்கூடத் தோன்றவில்லை. நீ கிளம்பும் முன் கணினியில் வைத்துவிட்டுப் போன ஆரம்ப அமைப்பிலிருந்துதான் இந்தப் படத்தைத் தொடங்கினேன். அதில் எல்லா ட்ராக்குகளும் உன் பழக்கப்படி லாட்ச்சில் இருந்திருக்கின்றன.

எல்லாவற்றையும் டச்சுக்கு மாற்றிவிட்டேன். கிசுகிசுப்பின் கோட்டை அழித்து, மப்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் போதும் என்ற அளவில் மறுபடி பதிந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. இத்துடன் கடிதத்தை முடித்திருக்கலாம்.

இரண்டு விஷயங்கள் மிச்சம். சம்பந்தமில்லாதவைதான்.

நேற்று முன்தினம் அறையில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தேன். கதவு எனக்கு இடப்பக்கம் என்பது உனக்குத் தெரியும். எதற்கோ திரும்பினேன். நாற்காலியை ஒட்டி ஒரு ஆள் நிற்கிறார். கத்திவிட்டேன். காவலாளிதான். அவரும் பயந்துபோய் இரண்டடி பின்னால் போனார்.

"கதவைத் தட்டிட்டுத்தாம்மா வந்தேன். ரெண்டு மூணு தடவை கூப்பிட்டேன். நீங்க வேலை மும்முரத்துல இருந்தீங்க."

படம் எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன், அறை முழு அமைதியாக இருந்தது. அவர் வந்ததற்கான சத்தம் எதுவுமே இல்லை. ஒரு மனிதர் இவ்வளவு சத்தமில்லாமல் நடக்க முடியுமா என்று அன்று முழுக்க அவர் நடப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தேன். செருப்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நடக்கிறார்.

இன்னொன்று, அறையில் ஒரு மெல்லிய ஒலி இருக்கிறது. ஊசி போல, மிக உயரத்தில். எந்தக் கருவியிலிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. மப்ளரைக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே. உங்க காது பாம்புக் காதுங்க," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

எழுதி வைத்தேன், அவ்வளவுதான். பதில் அவசியமில்லை.

அக்கா


ஜனவரி 25

அக்காவுக்கு,

பதில் அவசியமில்லை என்று எழுதினால் பதில் எழுதச் சொல்கிறாய் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்.

லாட்ச் என்றதும் டீச்சர் வீட்டுக்குள் ஒரு சுற்று வெற்றி நடை போட்டுவிட்டு வந்தாள். "பாத்தீங்களா? ஊரை விட்டு வந்து ஒரு வருஷமாச்சு, உங்க கோபம் இன்னும் அந்த ரூம்ல நிக்குது."

ஊசி ஒலிக்கு எர்த் சரியில்லாதது காரணமாக இருக்கும். ஒவ்வொரு கருவியாக அணைத்துக்கொண்டே வா. எதை அணைக்கும்போது நிற்கிறதோ அதுதான் திருடன். காவலாளியை விட்டுவிடு, பாவம். உன் சத்தத்தில் அவருக்குத்தான் முதலில் இதயம் நின்றிருக்கும்.

எழுதுவதற்குப் பதிலாக ஒரு தடவை போன் பண்ணினால் என்ன? திட்டுவதானாலும் கேட்டுக்கொள்கிறேன்.

காதில்லாதவன்


பிப்ரவரி 4

தம்பி,

நீ சொன்னபடி செய்தேன். அறையில் மின்சாரம் ஓடும் ஒவ்வொன்றையும் அணைத்தேன். மேசை, கணினி, ஒலிபெருக்கிகள், குளிர்பதனம், விளக்குகள். ஒலி நிற்கவில்லை. கடைசியில் மெயின் சுவிட்சையே இறக்கினேன். ஜன்னல் இல்லாத அறை, ஒன்றும் தெரியவில்லை. அந்த இருட்டில் ஊசி ஒலி முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தேன். மாடிப்படியிலும் இருந்தது. தெருவிலும் இருந்தது. வீடு வரைக்கும் கூடவே வந்தது.

ஆனால் நான் எழுதுவது அதற்காக இல்லை.

மறுபடி நடந்துவிட்டது. இந்த முறை டச்சில்.

மப்ளர் சம்மதித்த அளவில் பதிந்திருந்தேன் அல்லவா? அதன்பின் வாரம் முழுக்கப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டி, வசனம், காலடி, மழை என்று சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்தேன். வேறு யாரும் மேசையருகே வரவில்லை. இரண்டு சாவியும் என் கைப்பையில் இருந்தன. வார முடிவில் கிசுகிசுப்பின் கோட்டை எடுத்துப் பார்த்தேன்.

மேடுகள். படம் நெடுக மேடுகள். அந்தக் குரல் வரும் ஒவ்வோர் இடத்திலும், வார்த்தைக்குச் சற்று முன்னால் ஏறி, வார்த்தை முடிந்ததும் பழைய இடத்துக்கு இறங்கி, சீராக, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கட்டியது போல. "நான் இங்கதான் இருக்கேன்." ஒரு மேடு. "நான் இங்கதான் இருக்கேன்." இன்னொரு மேடு. கடைசி ரீலில் மேடுகள் மலையாகிவிட்டன.

லாட்ச்சில் நடந்தபோது காரணம் சொல்ல முடிந்தது. டச்சில் முடியாது. விரலின் தோல் ஃபேடரைத் தொட்டால்தான் அது எழுதும். பேனாவால் தள்ளினால்கூட எழுதாது. நீயே ஒரு முறை எனக்கு விளையாட்டாகச் செய்து காட்டியிருக்கிறாய். அந்த வாரம் அந்த அறையில் இருந்த விரல்கள் என்னுடையவை மட்டும்தான்.

ஆகவே எழுதியது நான்தான். எனக்கு நினைவில்லை.

அம்மாவுக்கு மறதி எப்படித் தொடங்கியது என்று யோசித்துப் பார். அலமாரியைப் பூட்டிவிட்டு, யாரோ பூட்டிவிட்டார்கள் என்று நம் இரண்டு பேரையும் திட்டினாள். சாவி அவள் இடுப்பிலேயே இருந்தது. உனக்கு நான் எழுதிய முதல் கடிதத்தையும் நினைத்துப் பார். அம்மாவும் முதலில் சந்தேகப்பட்டது உன்னைத்தான்.

நேற்று சமையலறையில் பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்திருந்தது. நான் இரண்டடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன். பால் வைத்தது நினைவிருக்கிறது. பொங்கியது தெரியவில்லை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மேசையிலிருந்து எழுப்பிவிடுவார்கள், எழுப்பவும் வேண்டும். அடுத்த மாதம் முதல் வாரத்துக்குள் படத்தைக் கொடுத்தாக வேண்டும். முழுப் படத்தையும் வன்வட்டில் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். எல்லாக் கோடுகளையும் பார். பார்த்துவிட்டு உண்மையை எழுது. ஆறுதல் எழுதாதே, அதை எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும்.

அக்கா


பிப்ரவரி 10

அக்கா,

வட்டு வந்தது. இரண்டு முறை முழுக்கக் கேட்டேன். கோடுகளையும் பார்த்தேன், கிசுகிசுப்பில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும்.

உனக்கு மறதி இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். மறதியில் செய்கிற வேலைக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்காது. உன் விரல் எங்கே போக வேண்டும் என்று தெரிந்தேதான் போயிருக்கிறது. இது ஆறுதல் இல்லை.

ஒரு காரியம் செய்கிறாயா? ஹெட்ஃபோனில் அந்தக் கிசுகிசுப்பை மட்டும் தனியாகக் கேள். பிறகு ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு அதையே கேள். வயரில் பழுது இருக்கலாம். அதைப் பார்க்கத்தான்.

முடிந்தால் இன்றைக்கே. தள்ளிப் போடாதே.

டீச்சர் நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். இன்னும் ஏதோ எழுத நினைத்தேன், வரவில்லை.

தம்பி


பிப்ரவரி 16

தம்பி,

வயரில் பழுது இல்லை. உனக்கும் அது தெரியும்.

உன் கடிதத்தைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது அடியில் இருந்த ஒற்றைச் சொல். நீ வழக்கமாகப் போடும் பெயரைப் போடவில்லை. மடித்துவிட்டு மறுபடி பிரித்துப் பார்த்தேன். என்னைச் சீண்டிப் பார்க்கும் ஒரு வாய்ப்பைக்கூட நீ விட்டதில்லை. இதை விட்டுவிட்டாய் என்றால், காதைப் பற்றி விளையாட முடியாத ஏதோ ஒன்றை அந்தக் கோடுகளில் பார்த்திருக்கிறாய். அதற்கப்புறம்தான் கடிதத்தைப் படித்தேன்.

சோதனையை முறையாகச் செய்தேன். ஹெட்ஃபோனைச் சரியாகப் போட்டுக்கொண்டு கிசுகிசுப்பை ஓடவிட்டேன். தொலைவில் ஒரு நூல் போல ஏதோ ஒன்று. வார்த்தை தெரியவில்லை. ஊசி ஒலிதான் பெரிதாக இருந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றினேன். உடனே திருப்பிப் போட முடியவில்லை. கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழுது கருவியில் இருந்தால், மாற்றிப் போடும்போது பழுதும் இடம் மாறும். மாறாவிட்டால் அது கருவியில் இல்லை. பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த தர்க்கம்.

மாற்றிப் போட்டேன்.

"நான் இங்கதான் இருக்கேன்!"

ஹெட்ஃபோனைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டேன். இத்தனை வாரமாக மற்றவர்கள் கேட்டது இதைத்தான். மப்ளர் சொன்னது சரி, மைக் பிடித்துத்தான் கூப்பிட்டிருக்கிறது. கேட்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் என் விரல் தானாகப் போய்த் தூக்கிவிட்டிருக்கிறது. நாம் கண்ணைச் சுருக்கிப் பார்ப்போமே, அது போல. அதை யாராவது நினைவில் வைத்துக்கொள்வார்களா? பிறகு மற்ற கோடுகளையும் பார்த்தேன். படத்தில் இடது ஜன்னலின் மழை, இடது சுவரின் கடிகாரம், எல்லாவற்றிலும் என் மேடுகள். வலப்பக்கத்துக் கோடுகள் தரை மாதிரி சமமாக இருந்தன. நீ பார்த்தது அதைத்தான், இல்லையா?

காது மருத்துவரிடம் போனேன். என் வயதுப் பெண், வேகமாகப் பேசுகிறார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்துச் சோதித்தார்கள். ஒலி கேட்கும்போது பொத்தானை அழுத்த வேண்டும். இடது காதின் முறை வந்தபோது நான் அழுத்தவே இல்லை. சோதனை தொடங்கவில்லை என்று நினைத்துக் காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என்னைப் பார்க்கவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் புரிந்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று மருத்துவர் கேட்டார்.

"தெரியலை."

"தெரியாதுதான். ஒண்ணு மெதுவா ஓய்ஞ்சா இன்னொண்ணு அதோட வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கும். கெட்டிக்கார ஜோடி. போனை எந்தக் காதுல வெப்பீங்க?"

"இடது." சொல்லிவிட்டு நிறுத்தினேன். போனில் ஒன்றும் பழுதில்லை என்பது அந்த நாற்காலியில்தான் எனக்கு உறைத்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஒரு கட்டி. புற்று இல்லை என்கிறார். ஆனால் இடம் சரியில்லை, முகத்து நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது. விட்டுவைத்தால் வளரும். எடுத்தால் இடது காதில் மிச்சம் இருப்பதும் போய்விடும். எடுக்கும்போது கை தவறினால் வாய் கோணும், கண்ணை மூட முடியாமல் போகும். எவ்வளவு சதவீதம் என்று கேட்டேன். "சொன்னா பயம் குறையுமா?" என்றார். குறையாது, பழக்கதோஷத்தில் கேட்டேன் என்றேன். எடுத்துவிடச் சொல்லிவிட்டேன், மார்ச் நாலாம் தேதி ஆபரேஷன்.

மறதி இல்லை என்று தெரிந்தபோது ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. ஒரே ஒரு நிமிடம்.

படத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. மப்ளரிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஃபேடர் மேல் விரலைக் கொண்டுபோனேன். தொடப் பயமாக இருந்தது. தொட்டால் எழுதிவிடுமே.

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

மேசையைத் தொடாதே. எதையும் தொடாதே. எல்லாவற்றையும் ரீட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போ.

மப்ளருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்குத் திட்ட வேண்டுமானால் நேரில் திட்டு. கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்தக் காதை நம்பித்தாங்க நான் இத்தனை படம் எடுத்தேன்," என்றார். அதற்கப்புறம், "நீங்க முடிச்சுக் குடுங்க. ஆனா அவங்க கைவேலை தெரியணும்," என்றார். மூக்கை உறிஞ்சியது போல் இருந்தது. மப்ளர் போட்டும் சளி பிடிக்கிறது போல.

நான் முடித்துக் கொடுக்கிறேன். வட்டு என்னிடம்தான் இருக்கிறது. லாட்ச்சில் செய்ய மாட்டேன், பயப்படாதே. டச்சில் செய்வேன். எங்கே தேவையோ அங்கே மட்டும் விரலை வைத்து இறக்குவேன். எடுத்ததும் அது உன் கோட்டுக்கே திரும்பிவிடும். நீ எழுதியதில் நூற்றுக்குத் தொண்ணூறு அப்படியே இருக்கும். நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். சத்தியமாக, நானாக இருந்தால் அந்த மழையை அப்படி உள்ளே கொண்டுவந்திருக்க மாட்டேன்.

டீச்சரிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஏறி வந்தாள். "எந்திரிங்க. அழறதா இருந்தா டிக்கெட் எடுத்துட்டு வந்து அழுங்க." எடுத்துவிட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து. ஆபரேஷன் அன்று காலையில் வந்து சேருவோம். அதற்கு முந்தைய ரயிலில் இடமில்லை, கெஞ்சிப் பார்த்தேன்.

முடித்த வட்டை முன்னாலேயே அனுப்பிவிடுகிறேன். நீ பார்த்துச் சரி சொன்னால்தான் மப்ளருக்குப் போகும். பொறுப்பாளர் நீதான்.

எனக்கும் பயமாக இருக்கிறது அக்கா. உனக்குப் பயம் என்று நீ எழுதி நான் பார்த்ததே இல்லை. அதைப் படித்ததிலிருந்து வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

தம்பி


மார்ச் 3

தம்பி,

இதை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். நீ ரயிலிறங்கி நேரே இந்த அறைக்கு வரும்போது நான் மருத்துவமனையில் இருப்பேன். உன் சாவியைக் காவலாளியிடம் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொள். திருப்பி அனுப்பாதே.

வட்டு நேற்று வந்தது. இன்று காலையில் எல்லாவற்றையும் ரீட்டில் வைத்து, கையை மடியில் கட்டிக்கொண்டு, முதலிலிருந்து ஓடவிட்டேன்.

ஃபேடர்கள் அசைந்தன. பூட்டிய அறை, என்னைத் தவிர யாரும் இல்லை. கிசுகிசுப்பின் ஃபேடர் வார்த்தைக்குச் சற்று முன்னால் தயங்கி, மெதுவாக இறங்கியது. முதல் கடிதத்தில் நீ வந்து போனாயா என்று கேட்டேன். நேற்று வரை நீ வரவில்லை. இன்று வந்திருக்கிறாய். கடைசியில் அவசரமாக விரலை எடுக்கும் உன் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தச் சின்னத் துள்ளலை வைத்தே எது நீ, எது நான் என்று என்னால் சொல்ல முடிந்தது.

ஃபேடர் இறங்கியதும் குரல் எனக்கு இல்லாமல் போய்விட்டது. ஒவ்வொரு முறையும். திரையில் அந்தப் பெண் திடுக்கிட்டுச் சுவரைத் திரும்பிப் பார்க்கிறாள். அவளுக்குக் கேட்கிறது. மப்ளருக்குக் கேட்கும். நாளைக்கு அரங்கில் உட்கார்பவர்களுக்கும் கேட்கும், காதோரம் மூச்சு படுவது போல. எனக்குக் கேட்டது மழையும் கடிகாரமும்தான், அவையும் பாதி. அந்த நிசப்தத்தைப் பார்த்துக்கொண்டு படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஹெட்ஃபோனைத் திருப்பிப் போட்டுக் கேட்டிருந்தால் நீ வைத்த அளவு சரியா என்று தெரிந்திருக்கும். கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. எடுக்கவில்லை. மப்ளருக்கு அனுப்பிவிடு. சரியாகத்தான் இருக்கும்.

முகம் கோணிப்போனால் டீச்சரை முதலில் உள்ளே அனுப்பு. அவள் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவள், முகத்தில் எதையும் காட்ட மாட்டாள். உன்னால் அது முடியாது.

இன்னொன்று. வார்டுக்கு வந்தால் கட்டிலின் வலப்பக்கமாக வந்து நில். இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் நீ வந்தது எனக்குத் தெரியாது. திரும்பும்போது யாரோ நிற்பது போல இருக்கும். பயந்துவிடுவேன்.

அக்கா